விடுதலைப் பத்திரம்

“எனக்கு எதுவும் வேண்டாம்னு எழுதிடுங்க மேடம்” என்றேன்.

வக்கீல் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “எதுவும்னா, எதெல்லாம்?”

2019 மார்ச். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் முன்னறைதான் அவருடைய ஆபீஸ். அறுபத்து மூவருக்கு ஒரு வாரம் இருந்தது. தெருமுனையில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கச்சேரி ரோடு என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து சபா, மிருதங்கம்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயரில் இருப்பது பாட்டுக் கச்சேரி இல்லை, சர்க்கார் கச்சேரி என்பதே எனக்கு 33 வயதில், விவாகரத்து மனு எழுதப் போன இடத்தில்தான் தெரிந்தது.

எதெல்லாம் என்று சொன்னேன். பெரும்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட். என் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து வாங்கியது. முன்பணத்தில் ஆறு லட்சம் என்னுடையது. அதில் பாதி, அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணம். நான்கு வருஷமாக ஈஎம்ஐ-யில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. தனித்தனியாக இருக்க ஆரம்பித்து ஒன்றேகால் வருஷம் ஆன பிறகும் போய்க்கொண்டிருக்கிறது.

“இதெல்லாம் வேண்டாமா?”

“வேண்டாம் மேடம். சண்டை இல்லாமப் பிரியறோம். காசைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அசிங்கமாயிடும்.”

உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நன்றாகச் சம்பாதிக்கிறேன், யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை, கதவைச் சாத்திவிட்டு வெறுங்கையோடு நடந்து போகிறவள் நான் என்று எனக்கு நானே ஒரு படம் போட்டு வைத்திருந்தேன்.

“வேண்டாம்னு நீ சொல்லலாம்மா. பேங்க் சொல்லாது” என்றார் வக்கீல். கோர்ட்டில் தீர்ப்பு வந்தாலும் லோன் பேப்பரில் என் கையெழுத்து இருக்கும். அவர் மூன்று மாசம் கட்டாமல் விட்டால் எனக்கும் நோட்டீஸ் வரும். நாளைக்கு நானே ஒரு வீடு வாங்கப் போனால் இந்தக் கடன் என் பெயரில் நிற்கும். நான் விட்டுக்கொடுத்தது வீட்டை மட்டும்தான். கடனை இல்லை.

ஒரு இன்ஜினியராக எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மூலையில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வக்கீல் அவரைக் காட்டி, “இவங்க என் அக்கா. எதுவும் வேண்டாம்னு நானும் ஒரு தடவை எழுதிக் கொடுத்திருக்கேன். இவங்களக் கேட்டா சொல்வாங்க” என்றார். அக்கா சிரித்தார். சொல்லவில்லை. மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் கதை எனக்கு ஏழெட்டு மாசத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. திருமயிலை ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் கொஞ்சம், கோர்ட் வராந்தாவில் காத்திருந்தபோது கொஞ்சம், ஒருநாள் ராயர் மெஸ்ஸில் இட்லிக்கு இடையில் கொஞ்சம். எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. என் பேரு போடாத. கட்சிக்காரங்க பேரு வெளிய வராமப் பாத்துக்கறதுதான் என் பொழப்பு” என்றார்.

அவர் வக்கீல் வீட்டுப் பெண் இல்லை. வக்கீல் குமாஸ்தா வீட்டுப் பெண்.

மயிலாப்பூரில் இந்த வித்தியாசம் பெரிது. நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைப் பட்டணத்துச் சட்டத்தின் பெரும்பகுதி லஸ்ஸைச் சுற்றி இருந்த பங்களாக்களில்தான் குடியிருந்தது. வி. பாஷ்யம் ஐயங்கார் இங்கே இருந்தார். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் லஸ் சர்ச் ரோட்டில் இருந்தார். ‘மயிலாப்பூர் கோஷ்டி’ என்று அந்தக் கால அரசியலில் ஒரு பெயரே உண்டு. பெரும்பாலும் பிராமணர்கள், எல்லோரும் ஆண்கள். அவர்கள் வாதாடிய வழக்குகளில் நிறைய இன்று நாம் குடும்ப வழக்கு என்று சொல்பவைதான். தத்து செல்லுமா, பாகம் எப்படிப் பிரிப்பது, விதவைக்கு ஜீவனாம்சம் உண்டா. ஆனால் அவற்றுக்கு அன்றைக்கு அந்தப் பெயர் இல்லை. அவை சொத்து வழக்குகள். குடும்பம் அதில் ஓர் அட்டவணை மாதிரி பின்னால் வரும்.

அந்த வழக்குகளின் வேதப்புத்தகம் என்றால், சென்னையில் பாரிஸ்டராக இருந்த ஜான் டாசன் மெயின் என்பவர் 1878இல் எழுதிய இந்து சட்டம் பற்றிய நூல். இன்றைக்கும் ‘மெயின்’ என்றால் வக்கீல்களுக்குப் புரியும். 1930களின் கடைசியில் அதன் ஒரு பதிப்பைத் திருத்தி எழுதியவர் மயிலாப்பூர்க்காரரான எஸ். ஸ்ரீநிவாச ஐயங்கார். அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், 1926இல் காங்கிரஸ் தலைவர். அவருடைய மகள்தான் அம்புஜம்மாள். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1948இல் அப்பாவின் பெயரையும் காந்தியின் பெயரையும் சேர்த்து ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தைத் தொடங்கியவர். ஒரு பெண்ணுக்கு என்ன பாத்தியதை உண்டு, என்ன கிடையாது என்று சொல்லும் புத்தகத்தை அப்பா திருத்தினார். மகள், கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இடம் தேடினார். இரண்டும் ஒரே குடும்பத்தில் நடந்தது.

என் பாட்டி 1938இல் பிறந்தவர். அவர் பிறந்தபோது, வழக்கத்திலேயே அறுத்துக்கட்டும் முறை இருந்த சாதிகளைத் தவிர, ஓர் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்பது சட்டத்தில் இல்லை. சென்னை மாகாணத்தில் அது 1949இல்தான் வந்தது. நாடு முழுக்க 1955இல். நானும் அவரும் சேர்ந்து போட்ட பரஸ்பர சம்மத மனுவுக்கு இடம் கொடுக்கும் 13-பி பிரிவு 1976இல் சேர்ந்தது. யாரையும் குற்றம் சொல்லாமல் பிரியும் வசதிக்கு என் அம்மாவை விட வயது குறைவு.

வக்கீலின் அப்பா லஸ் பக்கத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தார். செங்கல்பட்டுக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஊரில் பூர்வீகமாகக் கொஞ்சம் நிலமும் ஒரு வீடும் உண்டு. இங்கே மந்தைவெளியில் வாடகைக்கு ஒரு போர்ஷன். குமாஸ்தா என்றால் காகிதம் எழுதுபவர் மட்டும் இல்லை. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஸ்டாம்ப் ஒட்டி ஃபைல் பண்ண வேண்டும், நகல் மனு போட வேண்டும், வாய்தா தேதியை டைரியில் குறித்துக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டும். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். குமாஸ்தாவுக்கு அந்தக் கட்டு எந்த மேசையில் நின்றுகொண்டிருக்கிறது என்று தெரியும்.

பத்து வயதில் அப்பா அவரை உயர் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சிலையைக் காட்டியிருக்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி டி. முத்துசாமி ஐயர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் 1832இல் பிறந்து, அப்பாவை இழந்து, சின்னப் பையனாக கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாசம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். பின்னாளில் மலபார் திருமணங்கள் பற்றி விசாரிக்க 1891இல் அமைத்த கமிஷனுக்கே தலைவர். சிலையில் அவர் காலில் செருப்பு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். “கணக்கு எழுதினவர் பாரு, எங்க உக்காந்திருக்கார்” என்றாராம் அப்பா.

“அவர் அதை என் அண்ணனுக்காகச் சொன்னார். நான் சும்மா கூடப் போனேன்” என்றார் வக்கீல். அண்ணன் கோர்ட் பக்கமே வரவில்லை. வியாபாரத்துக்குப் போனார்.

1923 வரை இந்தியாவில் ஒரு பெண் வக்கீலாகப் பதிவு செய்துகொள்வதற்கே சட்டம் தெளிவாக இடம் தரவில்லை. அந்த வருஷம்தான் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1920களின் இறுதியில் பி. ஆனந்தபாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். அதற்கு அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1992இல், ராணி மேரிக் கல்லூரியில் பி.காம் முடித்த குமாஸ்தா மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். லட்சியம் என்று எதுவும் இல்லையாம். “காலேஜ் கோர்ட்டுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அப்பாகூட ஒரே பஸ்ல போயிடலாம்.”

அங்கே இரண்டாவது வருஷத்தில்தான் அந்தப் பத்திரம் வந்தது.

1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு எப்படிப் பிறப்பாலேயே பங்கு உண்டோ அப்படியே மகளுக்கும் உண்டு என்றது. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. மத்திய அரசு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது 2005இல். அந்த விதத்தில் நாம் பெருமைப்பட வேண்டிய சட்டம்தான்.

ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 1989 மார்ச் 25. பட்ஜெட் அன்று சட்டப்பேரவையில் நடந்த அமளிக்காகப் பலருக்கு ஞாபகம் இருக்கும் அதே நாள். அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களுக்கு இந்த உரிமை கிடையாது.

அக்காவுக்குக் கல்யாணம் 1989 தை மாசம்.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இப்படி ஒரு வரியை நானே எழுதியிருக்கிறேன். ஒரு ப்ராஜெக்டில் புதிய சலுகை ஒன்றைக் கொண்டுவந்தோம். இந்தத் தேதிக்கு முன்னால் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு நிபந்தனை. பழைய கணக்குகளைத் தொட்டால் சிக்கல், அதனால் வெளியே வைத்துவிடு என்றார்கள். வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனேன். சட்டம் எழுதியவர்களுக்கும் காரணம் இருந்திருக்கும். சீர்வரிசை கொடுத்து முடிந்துபோன கல்யாணங்களை மறுபடி கிளற வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் தேதிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அந்த வரிக்குத் தெரியாது.

1994இல் அண்ணனுக்குக் கடைக்கு முதல் தேவைப்பட்டது. ஊர் நிலத்தைப் பாகம் பிரித்து விற்கலாம் என்று பேச்சு. அப்பா வேலை பார்த்த வக்கீல்தான் கணக்குச் சொன்னார். பாகம் மூன்று. அப்பா, அண்ணன், கல்யாணமாகாத சின்னப் பெண். மூத்தவளுக்கு இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாராம். “அக்காவுக்கு ஏன் இல்ல?” என்று கேட்டதற்கு, “சட்டத்துல இடமில்லம்மா” என்றார். முப்பது வருஷம் கட்டு தூக்கியவர். மழை வரும், வராது என்கிற மாதிரிதான் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்.

“எனக்குக் கோவம் வந்துச்சு. அக்காவுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பைசா வாங்கல. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வெளிய வரும்போது ஏதோ பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி நடந்து வந்தேன்.”

இரண்டு வருஷத்தில் அக்கா ஐந்து வயதுப் பையனோடு மந்தைவெளி போர்ஷனுக்குத் திரும்பி வந்தார். தங்கை அப்போது பதிவு செய்துகொண்டு ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தார். கட்டணம் எதுவும் கேட்காமல் எடுத்த முதல் வழக்கு அக்காவின் ஜீவனாம்ச வழக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு. அந்தப் பிரிவின் கீழ் மாசத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்ல அன்றைக்கு அதிகாரம் கிடையாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு சம்பாதித்தாலும் 500தான். அந்த உச்சவரம்பை 2001இல்தான் நீக்கினார்கள்.

“ஐந்நூறு ரூபாய்க்கு நான் வாதாடினேன். அந்த 500 ரூபாயையும் ஒழுங்கா கொடுக்கல. அப்பதான் தோணுச்சு, அந்த மூணுல ஒரு பங்கை நான் வாங்கியிருந்தா அக்காவுக்குக் கொடுத்திருக்கலாமே. அவளுக்குச் சட்டத்துல இடமில்ல. எனக்கு இருந்துச்சு. அவளுக்காக விட்டேன்னு நெனச்சிட்டு, அவளுக்கு வரவேண்டியதையும் சேர்த்துத்தான் விட்டுட்டேன்.”

ரயில் சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2005 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணமான மகளுக்கும் பங்கு வந்துவிட்டதே என்று கேட்டேன். கூகுளில் படித்து வைத்திருந்தேன். வந்தது, ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடாது என்றார். மறுபடியும் ஒரு தேதி.

சீனியர் ஆபீஸில் கம்பெனி வழக்கு, ரிட் மனு எல்லாம் ஆண் ஜூனியர்களுக்குப் போகும். “பொம்பளப் புள்ளைங்களுக்கு ஃபேமிலி சைடுதான் சரிப்படும். அழுதா சமாதானப்படுத்தத் தெரியும்” என்று சிரித்துக்கொண்டே கட்டைத் தள்ளிவிடுவாராம் சீனியர். முதலில் அவமானமாக இருந்திருக்கிறது. அக்கா வழக்குக்குப் பிறகு அந்தக் கட்டுகளை அவரே கேட்டு வாங்க ஆரம்பித்தார். அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துவதில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, பேங்க் பாஸ்புக் கொண்டுவந்தீங்களா என்று கேட்பார். என்னிடமும் அதைத்தான் கேட்டார்.

நான்கு வருஷ ஸ்டேட்மென்ட்டை இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய மிக நேர்மையான எக்ஸெல் ஷீட் அது. முன்பணம் இவ்வளவு, ஈஎம்ஐ இவ்வளவு, மாடுலர் கிச்சனுக்கு இவ்வளவு. அந்த வரிசைகளைப் பார்த்தபோதுதான் வெறுங்கையோடு போகிறேன் என்பதில் அப்பாவின் கையும் இருந்தது உறைத்தது. அவரிடம் நான் கேட்கவே இல்லை.

என் கணவருக்கு அதை அனுப்பினேன். மெசேஜை டைப் பண்ணி அழித்து டைப் பண்ணி, கடைசியில் ஷீட்டை மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், “கிச்சன் தொகை நீ குறைச்சுப் போட்டிருக்க. நாற்பதாயிரம் அதிகம் ஆச்சு” என்று வந்தது. நான் பயந்த அசிங்கம் நடக்கவில்லை. எப்போதும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். வக்கீல் மேசையில் வேறு கட்டுகளும் இருந்தன, அவற்றின் தடிமனையும் பார்த்தேன்.

மனுவோடு சேர்த்து உடன்படிக்கை எழுதினோம். வீடு அவருக்கு. கடனையும் அவர் ஏற்றுக்கொண்டு, பேங்க்கில் என் பெயரை எடுத்துக் கடிதம் வாங்கித் தர வேண்டும். நான் போட்ட பணத்தை இரண்டு தவணையில் திருப்ப வேண்டும். கடைசித் தவணை வந்த பிறகு என் பாகத்தை அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“விடுதலைப் பத்திரம்தான்” என்றார். “அதே பேருதான். தொகைன்னு ஒரு இடம் இருக்கும் பாரு, அதுல நம்பர் எழுதியிருக்கணும்.”

குடும்ப நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏப்ரலில் மனு போட்டோம். அங்கே எனக்குத் தெரியவந்த இன்னொரு விஷயம்: 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, அந்தக் கோர்ட்டில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை இல்லை. கோர்ட் அனுமதித்தால் உண்டு. புருஷனும் மனைவியும் நேராக வந்து பேசட்டும், சமரசத்துக்கு வழி பார்க்கலாம் என்ற எண்ணத்தில் எழுதியது. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே தொழில் பண்ணுகிறவரிடம், இது உறுத்தலாக இல்லையா என்று கேட்டேன்.

“எதுக்கு? உன் குடும்பத்துல நான் யாரு?” என்றார். “அப்பா பாத்த வேலையைத்தான் பாக்கறேன். கட்டு தூக்கறேன். கூட நிக்கறேன். எந்தப் பேப்பர் எந்த மேசையில இருக்குன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

ஆறு மாசக் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லி மனு போடலாம், 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டிருக்கிறது என்றார். நான் வேண்டாம் என்றேன். இந்த ‘வேண்டாம்’ பற்றி மட்டும் அவர் எதுவும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை, டவாலி எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் பெயர்கள் அப்படிச் சத்தமாக ஒன்றாக ஒலித்தது அன்றைக்குத்தான். உள்ளே ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து அவர் “வரேன்” என்றார். நானும் “சரி” என்றேன். வராந்தாவில் ஒரு பாட்டி மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். யாருடைய வழக்குக்கு வந்தவரோ.

கடைசித் தவணை 2020 பிப்ரவரியில் வந்தது. அடுத்த வாரம் கச்சேரி ரோடு ஆபீஸில் பத்திரத்தின் நகலைக் கொடுத்தார்கள். அக்கா டைப் அடித்தது. நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பேனாவை எடுத்தேன்.

“இரும்மா” என்றார் அக்கா. ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. “முதல் பக்கத்துலேருந்து படி. நம்பர் சரியா இருக்கான்னு பாரு. அப்புறம் போடு.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.